பிள்ளைக்குத் தமிழ் வேண்டுமா, நீங்கள் ஜெர்மன் படியுங்கள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மே மாதத் தொடக்கத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் ஒரு சான்றிதழ் வரும். வீட்டில் எல்லோரும் அதில் தேடுவது ஒரே ஓர் எண்ணைத்தான். ஜெர்மன், கணிதம், அப்புறம் 'ஹா-எஸ்-ஊ' என்று சுருக்கிச் சொல்கிற பாடம், இந்த மூன்றின் சராசரி. ஹா-எஸ்-ஊ என்பது சுற்றுப்புறம், ஊர் நிர்வாகம், கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் வரலாறு எல்லாம் கலந்தது. இங்கே 1 என்றால் மிக நன்று, 6 என்றால் கடைசி. மூன்று பாடமும் சேர்த்து 7க்குள் இருந்தால், அதாவது சராசரி 2.33 வரை, ஐந்தாம் வகுப்புக்குக் கிம்னாசியம் என்கிற பள்ளிக்குப் போகலாம். 8 என்றால், 2.66, அடுத்த நிலைப் பள்ளியான ரியால்ஷூல. அதைத் தாண்டினால் அதற்கும் அடுத்ததான மிட்டல்ஷூல. கிம்னாசியம் பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி. மற்றவற்றிலிருந்தும் மேலே ஏறிப்போக வழிகள் உண்டு. சராசரி தவறிப்போனவர்களுக்கு மூன்று நாள் சோதனை வகுப்பும் வைக்கிறார்கள். தொழிற்பயிற்சி முடித்து நல்ல சம்பளத்தில் மரியாதையாக வாழ்கிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அதையெல்லாம் நான் மனதார நம்புகிறேன். ஆனாலும் பத்து வயதில் வருகிற அந்தக் காகிதத்துக்கு ஒரு கனம் இருக்கத்தான் செய்கிறது.

ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "நாலாங்கிளாஸ் பிள்ளைக்கு என்னடி பரீட்சை?" என்று திருச்சியிலிருந்து அம்மா போனில் கேட்டார். பத்தாவது, பன்னிரண்டாவது என்று பழகியவர்கள் நாம். அதுவரை நேரம் இருக்கிறது என்கிற நினைப்பு நமக்கு ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. இங்கே அந்த நேரம் இல்லை.

அந்த மூன்று பாடங்களையும் இன்னொரு முறை பாருங்கள். ஜெர்மன் மொழிப்பாடம். ஹா-எஸ்-ஊவும் பாதிக்கு மேல் மொழிதான், ஏனென்றால் விடையை முழு வாக்கியத்தில் எழுத வேண்டும். கணிதத்திலும் நான்காம் வகுப்பில் வாக்கியக் கணக்குகள் நிறைய. நம் பிள்ளைகள் மூளையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் வீட்டில் அந்த மொழி தெரிந்த பெரியவர் ஒருவர்கூட இல்லையென்றால், பத்து வயதுப் பிள்ளை இந்த மலையைத் தனியாகவே ஏற வேண்டியிருக்கிறது. நான் இருக்கும் மியூனிக்கில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அப்பா பெரிய கம்பெனியில் மென்பொருள் வடிவமைப்பாளர், அம்மா எம்.எஸ்ஸி., வீடு நிறைய புத்தகம். ஆனால் பிள்ளை கொண்டுவரும் ஒரு பக்கச் சுற்றறிக்கையை போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துத்தான் படிக்கிறார்கள்.

இதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ப்ளூ கார்டில், அதாவது படித்த வேலையாட்களுக்கான வசிப்பு அனுமதியில் வந்தவர்களுக்கு இந்த நாடு மொழியைக் கட்டாயமாக்கவில்லை. 27 மாதம் வேலை பார்த்து ஏ1 அளவு ஜெர்மன் காட்டினால் நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிடும். அதற்கு இரண்டு படி மேலான பி1 இருந்தால் 21 மாதம் போதும். ஏ1 என்பது பெயர் சொல்லி, வயது சொல்லி, ரொட்டி வாங்குகிற அளவுதான். அலுவலகத்தில் ஆங்கிலம், நண்பர்கள் எல்லாம் நம்மவர்கள், சாமான் ஆன்லைனில். இப்படியே பத்து வருடம் ஓட்டிவிடலாம், ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகுதான் விஷயம் மாறுகிறது.

முதலில் மாறுகிற இடம் கீட்டா, நம்மூர்ப் பால்வாடியும் கிரெஷ்ஷும் சேர்ந்த மாதிரி. ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு அங்கே இடம் பெறச் சட்டப்படி உரிமை உண்டு, 2013 ஆகஸ்டிலிருந்து. மியூனிக்கில் இடம் கிடைப்பது வேறு கதை. கிடைத்த பிறகு 'ஐன்கெவ்யோனுங்' என்று ஒன்று நடக்கும். பிள்ளையைப் பழக்குகிற காலம். பரவலாக இருக்கும் பெர்லின் முறைப்படி முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், பிரிவே கிடையாது. நான்காம் நாள்தான் சில நிமிடங்கள் வெளியே போய்ப் பார்ப்பார்கள். பிள்ளை தேறவில்லையென்றால் மறுபடி பின்வாங்குவார்கள். வாசலில் அழ அழ விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவரும் நம்மூர் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தப் பொறுமை இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

என் மகளைப் பழக்கிய ஆசிரியை முதல் வாரத்திலேயே ஒரு காகிதத்தோடு வந்து உட்கார்ந்தார். "இவள் வீட்டில் பேசும் சொற்கள் பத்து எனக்கு வேண்டும்" என்றார். தண்ணி, பசிக்குது, வலிக்குது, உச்சா, தூக்கம், அம்மா வருவாங்க. ஒவ்வொன்றையும் நான் சொல்ல, அவர் தனக்குப் புரிகிற எழுத்தில் எழுதிக்கொண்டார், உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார். அந்தக் காகிதம் தூங்கும் அறையின் சுவரில் வெகுநாள் ஒட்டியிருந்தது. ஐம்பது வயதுக்கு மேலான ஒரு பவேரியப் பெண்மணி என் மகளைப் பார்த்து "அம்மா வருவாங்க" என்று சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். அந்த உரையாடல் ஜெர்மனில் நடந்தது. என்னால் அவரிடம் ஜெர்மனில் பேச முடிந்ததால்தான் அவர் என் பிள்ளையின் தமிழுக்குள் வர முடிந்தது.

குழந்தை மருத்துவரும் எங்கள் தமிழுக்கு ஆதரவாகத்தான் பேசினார். இங்கே பிள்ளை பிறந்ததிலிருந்து யு1 தொடங்கி யு9 வரை குறித்த வயதுகளில் பரிசோதனை நடக்கும், எல்லாம் ஒரு மஞ்சள் நோட்டில் ஏறும். அப்படி ஒரு பரிசோதனையில், "வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள், முழுமையாக, நிறைய. ஜெர்மனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். கீட்டாவிலும் அதற்கு ஏற்பாடு உண்டு. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கு முன்னால் 240 மணி நேர ஜெர்மன் முன்வகுப்பு பவேரியாவில் இருக்கிறது. பிள்ளை கீட்டாவில் முதல் சில மாதம் வாயே திறக்காமல் இருந்தாலும் பதற வேண்டாம். உள்ளே சேர்த்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் நம்மவர்கள் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். தாங்கள் ஜெர்மன் படிப்பதில்லை. பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயத்தில் வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அப்பாவின் அலுவலக ஆங்கிலம், அம்மாவின் அரைகுறை ஜெர்மன், தாத்தா பாட்டியிடம் மட்டும் நாலு தமிழ் வார்த்தை. எந்த மொழியிலும் பிள்ளையால் தன் கோபத்தை முழுசாகச் சொல்ல முடிவதில்லை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை: பெற்றோர் ஜெர்மன் தெரியாமல் தடுமாறுகிற வீட்டில் பிள்ளையும் நாளடைவில் அவர்களின் மொழியைத் தடுமாற்றத்தின் மொழியாகத்தான் பார்க்கும். விளையாட்டு மைதானத்தில் மற்ற அம்மாக்கள் பேசிச் சிரிக்கும்போது தன் அம்மா மட்டும் தள்ளி நின்று போனைப் பார்க்கிறாள். எல்லாவற்றையும் கவனிக்கிற பிள்ளை இதையும் கவனிக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தது தமிழ், அம்மா ஒதுங்கி நிற்கிறாள். ஐந்து வயதில் இந்த இரண்டையும் முடிச்சுப் போட ரொம்ப நேரம் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் எனக்குப் பழக்கமான ஈழத்துப் பெண் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெற்றோர் எண்பதுகளில் போர்க்காலத்தில் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்தவர்கள். அப்பாவுக்கு உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. பிள்ளைகளில் மூத்தவர் இவர். ஒரு நாள் வகுப்பு முடியக் காத்திருந்தபோது அவராகவே சொன்னார்: "எனக்கு எட்டு வயசு அக்கா. ஆஸ்பத்திரியில டொக்டர் சொல்லுறதை நான்தான் அம்மாவுக்குச் சொல்லோணும். கட்டி எண்டு சொல்லிச்சினம். அது என்ன கட்டி எண்டு எனக்கே விளங்கேல்ல. அம்மா அழுதா. நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ எண்டு பயந்திட்டன்." வரி அலுவலகக் கடிதம், வீட்டு வாடகைப் பிரச்சினை, தம்பியின் பள்ளியிலிருந்து வந்த புகார், எல்லாமே இவர் வழியாகத்தான் போயிருக்கிறது. தம்பி பற்றிய புகாரைக் கொஞ்சம் மென்மையாக்கித்தான் வீட்டில் சொன்னாராம்.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அகதியாக வந்தவர்களுக்கு அப்போது வேலை செய்யவே தடைகள் இருந்தன. அரசு நடத்தும் 600 மணி நேர மொழி வகுப்பும் குடிமை வகுப்பும் சேர்ந்த ஒருங்கிணைப்புப் பாடத்திட்டம் 2005இல்தான் வந்தது. அவ்வளவு நெருக்கடியிலும் அவர்கள் செய்ததைப் பாருங்கள். ஊருக்கு ஊர் தமிழாலயம் தொடங்கி வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். ஹாம் நகரத்தில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் கட்டி 2002இல் குடமுழுக்கு செய்தார்கள். இன்றைக்கு அந்தக் கோயில் தேருக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில், வேலை நியமனக் கடிதத்தோடு, வாடகை கொடுக்கத் தெம்போடு வந்திறங்கும் நமக்கு என்ன தடை இருக்கிறது?

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மகளுக்கு ஹா-எஸ்-ஊவில் 'நம் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்று ஒரு பாடம். மியூனிக்கின் குடிநீரில் பெரும்பகுதி ஆல்ப்ஸ் அடிவாரத்து மங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. ஊற்று, நீர்த்தேக்கத் தொட்டி, குழாய் என்று வரிசையாகப் படம் வரைந்து, பக்கத்தில் வாக்கியம் எழுத வேண்டும். சாப்பாட்டு மேஜையில் அவள் எழுத, நான் ஜெர்மனில் கேள்வி கேட்டு வாக்கியத்தை நேராக்கினேன். பாதியில் அவள் நிமிர்ந்து, "அம்மா, பாட்டி வீட்டுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்றாள். அதற்குமேல் பேச்சு தமிழுக்கு மாறிவிட்டது. குடகு, மேட்டூர், பிறகு திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவது, கொஞ்ச தூரம் தள்ளிக் கல்லணை. நோட்டின் பின்பக்கத்தில் நான் காவிரியை வரைந்தேன். ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக நிற்பது அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. மறுநாள் அதைக் கிழித்து வகுப்புக்கு எடுத்துப்போய்த் தன் பாட்டி ஊர் இதுதான் என்று ஜெர்மனில் விளக்கியிருக்கிறாள். எனக்கு மங்ஃபால் புரியாதிருந்தால் முக்கொம்பு வரை பேச்சு போயிருக்காது. வீட்டுப்பாடம் எனக்குப் புரியாத ஒன்றாக, அவள் மட்டும் சுமக்கிற ஒன்றாக இருந்திருக்கும். அந்த மேஜையில் காவிரிக்கு இடமே இருந்திருக்காது.

பள்ளிக்கூடத்தில் நம் இடத்தையும் மொழிதான் தீர்மானிக்கிறது. பெற்றோர் கூட்டம் மாலையில் நடக்கும், பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். மலைக்குப் போகும் சுற்றுலாவுக்கு யார் கூட வருவது, வகுப்புப் பிரதிநிதி யார் என்று அங்கேதான் முடிவாகும். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தொந்தரவு செய்தால் அந்தப் பேச்சும் அங்கேதான் மெல்ல எழும்பும். நம்மவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்துவிடுகிறார்கள். அப்புறம் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் யாரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் வாட்ஸப் குழுவில் எழுதுகிறார்கள்.

அந்தக் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிற பயம் பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் இளைஞர் நல அலுவலகம் பற்றியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. சட்டம் என்ன சொல்கிறது என்பதை எல்லோரும் நேராகத் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளைகளுக்கு வன்முறை இல்லாத வளர்ப்புக்கு உரிமை உண்டு என்று 2000ஆம் ஆண்டிலிருந்து ஜெர்மன் சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. கன்னத்தில் ஓர் அறை விடுவதும் வன்முறையில்தான் சேரும். 'அடியாத மாடு படியாது' என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம், நம்மை அடித்தவர்கள் நம்மை நேசித்தவர்களும்தான். ஆனாலும் இந்தச் சட்டம் சரி என்றே நான் நினைக்கிறேன். இந்த நாட்டிடமிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் ஊருக்கு எடுத்துப்போகலாம் என்றால் இதைத்தான் எடுத்துப்போவேன். அதே அலுவலகத்தில்தான் வளர்ப்பு ஆலோசனையும் கேட்கலாம், கட்டணம் கிடையாது. மொழி தெரியாதவர்களுக்கு அதன் பெயர்ப்பலகை மட்டுமே தெரிகிறது.

பாட்டி வரும்போது எங்கள் வீட்டுத் தமிழ் பூத்துக் குலுங்கும். ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான். குளிர் தொடங்குமுன் வந்துபோவார். மகனுக்கு ஐந்து வயது, பாட்டியிடம் கதை கேட்டே 'அப்புறம்? அப்புறம்?' என்று இழுக்கக் கற்றுக்கொண்டான். நாங்கள் ஊருக்குப் போவதுதான் சிக்கல். பள்ளி நாளில் பிள்ளையை விடுமுறைக்குக் கூட்டிப்போக முடியாது, அபராதம் உண்டு. 2018இல் விடுமுறைக்கு முன்பே பிள்ளைகளோடு கிளம்பிய குடும்பங்களை மெம்மிங்கன் விமான நிலையத்தில் போலீசாரே பிடித்தார்கள். பவேரியாவில் கோடை விடுமுறை ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ தொடங்கி செப்டம்பர் நடுவாக்கில் முடியும். அப்போது திருச்சியில் மாம்பழம் முடிந்திருக்கும். அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லோரும் காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவார்கள், காலாண்டுத் தேர்வு வேறு நெருங்கும். பகல் முழுவதும் என் பிள்ளைகள் அவர்கள் வரும் ஆட்டோவுக்காகத் திண்ணையில் காத்திருக்கிறார்கள். உறவுமுறை என்பது கூடச் சேர்ந்து சும்மா கிடக்கும் விடுமுறைப் பகல்களில் வளர்வது. அது மட்டும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். எத்தனை வீடியோ அழைப்பு போட்டாலும் ஈடாகாது.

தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தருவது தனி உழைப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001இலிருந்து இயங்குகிறது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான பாடங்கள் அங்கே கிடைக்கின்றன. வகுப்பைச் சனிக்கிழமை வைத்தால் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி மோதும், அதனால் ஞாயிறுக்கு மாற்றினோம். கால்பந்தா தமிழா என்று பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வைக்கவே கூடாது. வைத்தால் தோற்பது எது என்று எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பதி வீட்டுக்கு வந்திருந்தார்கள், நாலு வயதுப் பையனோடு. "அக்கா, இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேர்த்துரலாமுங்களா? ஜெர்மன் தொல்லை இருக்காதில்லைங்க" என்று அந்தப் பெண் கேட்டார். இரண்டு மூன்று வருடத்தில் திரும்புவது உறுதி, கம்பெனி கட்டணம் கட்டுகிறது என்றால் தாராளமாகச் சேருங்கள் என்றேன். இங்கேயே இருக்கப் போகிறோம் என்ற எண்ணம் ஓரத்தில் இருந்தாலும் தெருமுனை அரசுப் பள்ளிதான். பையனுக்கு அதற்குள் ஜெர்மன் வந்துவிடும், கவலையே இல்லை. நீங்கள் இரண்டு பேரும் இந்தப் பருவத்திலேயே மாலை வகுப்பில் சேருங்கள், ஒருவர் மட்டும் என்றால் அந்த ஒருவர் தலையில்தான் எல்லாம் விழும், பெரும்பாலும் மொழி படிப்பது அப்பாவாக இருக்கும், ஆனால் பள்ளிக்குப் போவது அம்மாவாக இருக்கும். ஏ1 முடிந்ததும் நிறுத்தாதீர்கள், பி1 வரை போங்கள், முடிந்தால் பி2. வீட்டுக்குள் தமிழைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

கணவர் யோசித்துவிட்டு, "ரெண்டு பேருமே சாயங்காலம் போயிட்டா பையன யாருங்க பாத்துக்குவா?" என்றார். நியாயமான கேள்வி. தாத்தா பாட்டி இல்லாத ஊரில் எல்லாத் திட்டமும் வந்து நிற்கிற இடம் இதுதான். செவ்வாயும் வியாழனும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பிள்ளைக்கு வார்க்கும் தோசையோடு இன்னும் நாலு சேர்த்து வார்க்க வேண்டும், அவ்வளவுதான். என் மகனுக்கும் தமிழில் சண்டை போட ஓர் ஆள் கிடைத்த மாதிரி ஆச்சு.